நாற்பத்தாறு சதவீதம்

அறுவைச் சிகிச்சை வார்டின் பொறுப்புச் செவிலியை மருத்துவமனையில் எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ குள்ளம்தான். இருபத்துமூன்று வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்ததால் ஒட்டிக்கொண்ட 'பெரிய' அது. அவருக்கு மேலே செவிலியர்களுக்கென்று இருந்தது ஒரே பதவி, கண்காணிப்பாளர். போன வருடம் அது காலியானபோது, முதுகலைப் பட்டம் இருந்தால்தான் விண்ணப்பமே வாங்குவோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நல்ல பெண்தான். ஆனால் வந்த முதல் வாரமே, உடைந்த சக்கர நாற்காலியை யாரிடம் சொல்லிச் சரிசெய்வது என்று பெரிய சிஸ்டரிடம் வந்து கேட்டாள். அன்று சாயங்காலமே பெரிய சிஸ்டர் இணையவழி முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். சுகாதார மேலாண்மையும் தலைமைத்துவமும். இரண்டு வருடம்.

படிப்பு என்பது பாடத்தைவிட மற்ற எல்லாமுமாக இருந்தது. காலை ஐந்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மகளின் பழைய மடிக்கணினியைத் திறந்தால், கடவுச்சொல்லை மாற்று என்று கேட்கும். மாற்றினால், இது முன்பே பயன்படுத்தியது என்று சொல்லும். விவாத மன்றம் என்று ஒன்று இருந்தது. வாரம் ஒரு கருத்து எழுத வேண்டும், மற்றவர் எழுதிய இரண்டுக்குப் பதிலும் போட வேண்டும். முகம் தெரியாத நாற்பது பேர் ஒருவருக்கொருவர் 'மிக ஆழமான பார்வை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரிய சிஸ்டர் ஒருவருக்கு, 'நீங்கள் சொல்வது நடைமுறையில் நடக்காது, முப்பது படுக்கைக்கு இரண்டு பேர்தான் இருக்கிறோம்' என்று எழுதினார். கருத்தை இன்னும் ஆக்கபூர்வமாகச் சொல்லலாம் என்று அரை மதிப்பெண் குறைத்தார்கள்.

இரண்டாம் பருவத்தில் 'மாற்றத்தை வழிநடத்துதல்' என்று ஒரு தாள் வந்தது. உங்கள் பணியிடத்தில் நீங்கள் முன்னின்று கொண்டுவந்த ஒரு மாற்றத்தைப் பற்றி மூவாயிரம் சொற்களில் எழுதுக. கேள்வியைப் படித்ததும் அவருக்கு முதல் தடவையாக இந்தப் படிப்பின் மேல் ஒரு பிரியம் வந்தது. இதற்கு அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவருடைய வார்டில் ஒரு பெண்மணிக்கு ஒரே ஊசியை இரண்டு தடவை போட்டுவிட்டார்கள். பணி மாறும் நேரம். போகிறவள் போட்டதைச் சொல்லாமல் போய்விட்டாள், வந்தவள் சீட்டைப் பார்த்து மறுபடியும் போட்டாள். அந்த அம்மாள் "இப்பத்தானேம்மா போட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். மயக்கத்தில் உளறுகிறார் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள். இரண்டு நாள் அவர் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்தார், பிழைத்தார். அந்த இரண்டு நாளும் பெரிய சிஸ்டர் வீட்டுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, பணி மாறும்போது ஒவ்வொரு படுக்கையிலும் கேட்க வேண்டிய பதினொரு கேள்விகளை எழுதினார். மூன்று மாதம் தன் வார்டிலேயே நடத்திப் பார்த்துவிட்டு, நடந்ததையெல்லாம் எட்டுப் பக்கம் கையால் எழுதி மருத்துவமனையின் தரக்குழுவுக்குக் கொடுத்தார். அப்போது தரக்குழுவுக்குத் தலைவராக இருந்த மருத்துவர்தான் இப்போது இயக்குநர். கேள்விகள் எல்லா வார்டுகளிலும் சுவரில் ஏறின. அடியில் 'தயாரிப்பு: தரக்குழு' என்று இருந்தது. அதைப் பெரிய சிஸ்டர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டுரையை நான்கு நாளில் எழுதி முடித்தார். புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு செவிலிக்கும் அந்தக் கதையை அதே வார்த்தைகளில் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. கை தானாக ஓடியது. அனுப்பிவிட்டு, மன்றத்தில் யாரோ ஒருவருக்கு 'மிக ஆழமான பார்வை' என்றுகூட எழுதினார்.

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவருடைய கட்டுரையில் நாற்பத்தாறு சதவீதம் ஏற்கனவே வெளியான எழுத்துடன் ஒத்துப்போகிறது. பத்து நாளில் கல்வி நேர்மைக் குழுவின் முன் விளக்கம் தர வேண்டும். ஆதாரம் இருந்தால் இணைக்கவும்.

கூடவே ஓர் அறிக்கை. அவர் எழுதிய வரிகள் பக்கம் பக்கமாகச் சிவந்திருந்தன. பதினொரு சதவீதம் மருத்துவமனையின் வலைத்தளத்திலிருந்து. சரி, கேள்விகள் அங்கே இருக்கின்றன. மீதி முப்பத்தைந்து ஒரு மருத்துவ இதழிலிருந்து. இணைப்பைத் தொட்டதும் கட்டுரை திறந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் வந்தது. எழுதியவர் இயக்குநர்.

பெரிய சிஸ்டர் நின்றபடியே படித்தார். அவர் எழுதிக் கொடுத்த எட்டுப் பக்கமும் அப்படியே இருந்தது. 'அந்தப் பெண்மணியின் படுக்கையருகே இரண்டு நாள் நின்றேன்' என்ற வரியும் இருந்தது. அந்த இரண்டு நாளும் அந்த மருத்துவர் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு பத்தி. மனைவிக்கும் 'வார்டு ஊழியர்களுக்கும்' நன்றி சொல்லியிருந்தார்.

"என்னம்மா ஆச்சு, முகம் இப்படி இருக்கு?" என்று மகள் கேட்டாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிப்பவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ப்பூ, இவ்வளவுதானா" என்றாள். "அங்கங்க வார்த்தைய மாத்திப் போட்டு அனுப்பிடும்மா. பத்து சதவீதத்துக்கு இறங்கிடும். நாங்க எல்லாம் அதான் பண்றோம்."

"என் வார்த்தைய நான் எதுக்குடி மாத்தணும்?"

"அது உன் வார்த்தைன்னு அந்த மெஷினுக்குத் தெரியாதே."

கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் சிவப்புப் பேனாவை மூடினார். "என் கிளாஸ்ல ரெண்டு பேப்பர் ஒரே மாதிரி இருந்தா ரெண்டு பேரையும் போர்டுக்குக் கூப்பிடுவேன். ஏன் இப்படிப் போட்டேன்னு கேட்பேன். காப்பியடிச்சவன் முழிப்பான்."

"என்னைக் கூப்பிடுவாங்க. அவரை யாரு கூப்பிடப் போறா?" என்றார் பெரிய சிஸ்டர்.

மறுநாள் பணி முடிந்ததும் ஆவண அறைக்குப் போனார். அந்த மூன்று மாதமும் பணி மாற்றக் குறிப்பேட்டில் அவர் கையாலேயே கேள்விகளை எழுதிப் பதில்களை நிரப்பியிருந்தார். தேதியோடு இருக்கும். அது போதும். ஆவணக் காப்பாளர் இருமிக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினார்.

"ஏழு வருஷம் தாண்டினா கிழிச்சுப் போட்டுடுவோம் சிஸ்டர். ரூல் அது. நீங்க ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு இது தேவைப்படலையே."

"அதான் எல்லாரும் சொல்றாங்க" என்றார் காப்பாளர்.

அடுத்து இயக்குநர் அறைக்கு முன்னால் உட்காரும் தட்டச்சர். எல்லோருக்கும் டைப்பிஸ்ட் அக்கா. எட்டுப் பக்கத்தையும் அடித்துக் கொடுத்தது அவர்தான். பெரிய சிஸ்டர் கேட்டதும் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஞாபகம் இல்லாம என்ன? உன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தலைவலியே வந்துடுச்சு."

"அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்கக்கா. இந்த எட்டுப் பக்கம் நான் கொடுத்ததுன்னு. ரெண்டே வரி போதும்."

டைப்பிஸ்ட் அக்கா விசைப்பலகைக்கு உறையைப் போட்டார். அதன் மூலைகளை இழுத்துவிட்டார். "எனக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கும்மா ரிட்டயர் ஆக. தினமும் காலைல அவர் மூஞ்சியிலதான் முழிக்கணும். என்னை இதுல இழுக்காத. கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அக்காமேல் கோபித்து என்ன பயன் என்று அவருக்கே தெரிந்தது.

நான்காவது நாள் இயக்குநரையே பார்த்தார். என்னென்ன பேச வேண்டும் என்று பேருந்தில் வரும்போதே மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார். அவர் மறுப்பார், இவர் மாநாட்டுத் தேதியைச் சொல்வார் என்றெல்லாம். இயக்குநர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

"சிஸ்டர், நீங்க மாஸ்டர்ஸ் பண்றீங்களாமே. ரொம்ப சந்தோஷம். இந்த வயசுல யாரு படிக்கிறா."

பெரிய சிஸ்டர் அறிக்கையை நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"ஓ, என் ஆர்ட்டிகிள். படிச்சிருக்கீங்களா? நல்லா வந்திருந்துச்சு இல்ல?"

"சார், அது நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்."

"ஆமா, உங்க வார்டுல இருந்துதான் இன்புட் எல்லாம் வந்துச்சு. நாம எல்லாரும் சேர்ந்து செஞ்சதுதானே சிஸ்டர் அது. அந்த ரெண்டு நாளை மறக்க முடியுமா? அந்தம்மா பெட் பக்கத்துலயே நின்னோமே."

"நீங்க அன்னிக்கு ஊர்ல இல்ல சார். கான்ஃபரன்ஸ் போயிருந்தீங்க."

இயக்குநர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "இல்லல்ல. அது அதுக்கு அடுத்த வருஷம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே."

பெரிய சிஸ்டர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஆறு வருடமாக மேடை மேடையாகச் சொல்லி, அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் தான் நின்றதாகவே நம்பிவிட்டார். பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"கவலையே படாதீங்க" என்று அவர் டைப்பிஸ்ட் அக்காவைக் கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் ஒரு கடிதம் தயாரானது. 'எனது கட்டுரையின் பகுதிகளைத் தமது படிப்புக்காகப் பயன்படுத்திக்கொள்ள எங்கள் மூத்த செவிலியருக்கு நான் மனமுவந்து அனுமதி அளிக்கிறேன்.' டைப்பிஸ்ட் அக்கா அதை நீட்டும்போது பெரிய சிஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் மேசைமேல் கடிதத்தை வைத்ததும் மகள் குதித்தாள். "சூப்பர்மா, இது போதும், இதை அப்லோட் பண்ணிடு."

"பண்ணினா என்ன அர்த்தம் தெரியுமா? என் வீட்டுக்குள்ள போக நானே பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சாவி வாங்கின மாதிரி."

"வாங்கிட்டா உள்ள போயிடலாம்ல" என்றாள் மகள். கணவர் கடிதத்தை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு விடைத்தாளை எடுத்துக்கொண்டார். அதுவும் பெரிய சிஸ்டருக்கு எரிச்சலாக இருந்தது.

குழுவின் விசாரணை ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு. விடுப்புக் கேட்டிருந்தார், ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். வார்டிலேயே துணி அறைக்குள் போய், மடித்த போர்வைகளின் மேல் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தார். இயக்குநரின் கடிதம் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அதை அவர் இன்னும் அனுப்பவில்லை. திரையில் மூன்று முகங்கள் வந்தன. தலைவர் என்று ஒரு வழுக்கைத் தலைக்காரர், தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மையார், குறிப்பெடுக்கும் ஓர் இளைஞர்.

"உங்க குரல் கேட்கலை. மியூட்ல இருக்கீங்க" என்றார் தலைவர்.

எடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். பாதியில் கதவு தட்டப்பட்டது. இளம் செவிலி ஒருத்தி, மருந்து அலமாரிச் சாவி வேண்டும் என்று நின்றாள். கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது. ஆனா நீங்கதான் எழுதினீங்கன்னு காட்ட ஏதாவது இருக்கா? அல்லது அந்தக் கட்டுரையாளர்கிட்ட இருந்து ஏதாவது கடிதம்?"

கை சட்டைப் பைக்குப் போனது. கடிதத்தின் ஓரம் விரலில் பட்டது. இதைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

"காகிதம் எதுவும் இல்ல சார். என்னைக் கேள்வி கேளுங்க. பதினொரு கேள்வியில எதை வேணும்னாலும் கேளுங்க, ஏன் வச்சேன்னு சொல்றேன்."

தலைவர் தயங்கினார். விதிமுறையில் அப்படி ஒன்று இல்லை போலிருந்தது. கண்ணாடி அம்மையார் முந்திக்கொண்டார். "நான் பத்து வருஷம் நர்ஸா இருந்தவ. கேட்கிறேன். உங்க ஆஸ்பத்திரி வலைத்தளத்துல இருக்கற லிஸ்ட்ல ஆறாவது கேள்வி எனக்குப் புரியவே இல்லை. அஞ்சாவது, சிறுநீர் எவ்வளவு போச்சு. ஆறாவது, இதை நோயாளியிடமே கேட்டு உறுதி செய்தீர்களா. பையில அளவு போட்டிருக்கே, அதை ஏன் நோயாளிகிட்ட கேட்கணும்?"

"கேட்க வேண்டாம் மேடம். அது டைப்பிங் தப்பு."

"தப்பா?"

"ஆறும் ஏழும் இடம் மாறிப்போச்சு. ஏழாவதா இருக்கறது, கடைசி ஊசி யார், எத்தனை மணிக்குப் போட்டாங்க. அதுதான் ஆறு. அதுக்கு அப்புறம்தான், இதை நோயாளிகிட்டயே கேட்டீங்களா. அந்தம்மா, இப்பத்தானே போட்டாங்கன்னு சொன்னாங்க. யாரும் காதுல வாங்கல. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் அந்தப் பேப்பரையே எழுதினேன். டைப் ஆகி வந்த அன்னிக்கே போய்ச் சொன்னேன். லேமினேட் பண்ணியாச்சு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்னுட்டாங்க. என் வார்டுல நான் சரியா சொல்லிக் கொடுத்துட்டேன். மத்த வார்டுல ஒன்பது வருஷமா மூத்திரத்தைப் பத்தி நோயாளியைக் கேட்டுட்டிருக்காங்க."

அம்மையார் வேறொரு பக்கத்தைத் திறந்து படிப்பது தெரிந்தது. பிறகு சத்தமாகவே வாசித்தார். "ஆறாம் கேள்வி, தம் சிறுநீர் அளவைக் கண்காணிப்பதில் நோயாளியையும் பங்குதாரராக்கும் ஒரு நுட்பமான உத்தியாகும்." நிறுத்தி, இதழின் பெயரையும் பக்கத்தையும் சொன்னார். குறிப்பெடுக்கும் இளைஞர் சட்டென்று கேமராவை அணைத்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முடிவைக் கடிதமாக அனுப்புவோம் என்றார்.

துணி அறையை விட்டு வெளியே வந்தபோது பெரிய சிஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

கடிதம் திங்கட்கிழமை வந்தது. 'தங்கள் விளக்கம் நம்பத்தகுந்ததாக இருந்தது. எனினும் எழுத்துபூர்வமான ஆதாரம் இல்லாத நிலையில், வெளியான படைப்பே மூலமாகக் கொள்ளப்படும். இது நேர்மைக்கேடு அல்ல, மேற்கோள் காட்டுவதில் ஏற்பட்ட குறைபாடு என்று குழு கருதுகிறது. இரண்டு வாரத்துக்குள் உரிய மேற்கோள்களுடன் மறுபடி சமர்ப்பிக்கவும். அதிகபட்ச மதிப்பெண் ஐம்பது.'

"பாஸ்தானே" என்றார் கணவர்.

"நம்பறாங்களாம். ஆனா நம்பறதுக்கு அவங்க ஃபார்ம்ல கட்டம் இல்லையாம்." மடிக்கணினியை அறைந்து மூடினார். படிப்பை விட்டுவிடுகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதமும் எழுதினார். அனுப்புவதற்குள் தளம் அவரை வெளியே தள்ளிவிட்டு மறுபடி கடவுச்சொல் கேட்டது. எரிச்சலில் எழுந்து போய்த் துணி துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடி உட்கார்ந்தார். தன் வரிகளுக்கெல்லாம் மேற்கோள் குறி போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இயக்குநரின் பெயரை எழுதினார். பதினேழு இடங்கள். பன்னிரண்டாவது இடத்தில் கை நின்றது. இது இயக்குநர் எழுதியது என்றால், அதில் இருக்கும் பிழையும் அவர் எழுதியதுதானே. பெரிய சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறும் ஏழும் இடம் மாறியதால் என்ன ஆகிறது, அந்த 'நுட்பமான உத்தி' ஏன் அபத்தம், ஒன்பது வருடத்தில் மற்ற வார்டுகளில் தவறிப்போக இருந்த ஊசிகள் எத்தனை என்று ஐந்து பக்கம் எழுதினார். புத்தகத்திலிருந்து நல்ல கடினமான சொற்களாகப் பார்த்துப் போட்டார். 'கட்டுரையாளர் கவனிக்கத் தவறுகிறார்' என்று நான்கு இடத்தில் வந்தது.

இந்த முறை ஒரு காரியம் செய்தார். திருத்திய பதினொரு கேள்விகளை ஒரு பக்கத்தில் அடித்து, தன் பெயரும் தேதியும் போட்டு, எட்டு வார்டுப் பொறுப்புச் செவிலியருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினார். அதற்குப் பிறகுதான் கட்டுரையைப் பணியிட ஒப்புதலுக்காக இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பினார். மறுபடி சமர்ப்பிக்கும் கட்டுரைக்கு அந்த ஒப்புதல் வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. கட்டுரை கையெழுத்தாகி மறுநாளே திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் மட்டும் கை பட்ட தடம் இருந்தது.

முழுக்கப் படிக்கவில்லை என்றுதான் பெரிய சிஸ்டர் நினைத்தார். பத்து நாள் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. பணி மாற்றக் கேள்விகள், திருத்தப்பட்ட பதிப்பு. ஆறு, ஏழு வரிசை மாற்றப்பட்டுள்ளது. தயாரிப்பு: இயக்குநர்.

குழந்தைகள் வார்டின் பொறுப்புச் செவிலி தொலைபேசியில் கூப்பிட்டார். "என்ன சிஸ்டர் இது, நீங்க அனுப்பினதுதானே? நாங்க போன வாரமே ஒட்டிட்டோம். உங்க பேரோட இருக்கு. இதை என்ன பண்றது?"

"உங்க இஷ்டம்" என்றார் பெரிய சிஸ்டர்.

"இடம் இல்ல சுவத்துல. டிராயர்ல போட்டு வைக்கிறேன்."

மதிப்பெண்ணும் அந்த வாரமே வந்தது. 'இந்தப் பருவத்தில் நாங்கள் படித்த மிகக் கூர்மையான ஆய்வு. விதிப்படி, ஐம்பது.' கணவர் இந்தத் தடவை பாஸ்தானே என்று சொல்லவில்லை. விடைத்தாளைப் படிப்பதுபோல அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, "நான் தொண்ணூறு போட்டிருப்பேன்" என்றார். "அஞ்சு பக்கத்துலயும் கோபம் தெரியுது, அதுக்கு ஒரு பத்து குறைச்சிருப்பேன்."

மறுநாள் மதியம் ஒரு ஆக்சிஜன் மீட்டர் கடன் வாங்க ஆண்கள் வார்டுக்குப் போனார். இரண்டு மணி, பணி மாறும் நேரம். கதவோரப் படுக்கையில் இரண்டு பெண்கள் சீட்டோடு நின்றிருந்தார்கள். வந்தவள் குனிந்து, "ஐயா, உங்களுக்குக் கடைசியா ஊசி எப்போ போட்டாங்க?" என்று கேட்டாள். படுத்திருந்தவர் யோசித்து, "சாப்பிட்டதும் போட்டாங்க. இந்தப் பொண்ணுதான்" என்று பக்கத்தில் நின்றவளைக் காட்டினார். அவள் சீட்டைப் பார்த்து, அங்கே நேரம் எழுதாமல் விட்டிருப்பதைக் கண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

பெரிய சிஸ்டர் மீட்டரை வாங்கிக்கொண்டு தன் வார்டுக்கு வந்தார். மேசையில் உட்கார்ந்து, மருத்துவ இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதத்தைத் தொடங்கினார். 'ஆறு வருடங்களுக்கு முன்பு தங்கள் இதழில் வெளியான ஒரு கட்டுரையில் உள்ள பிழை குறித்து' என்று தலைப்பிட்டு, தேதியைப் போட்டு, முதலில் தன் பெயரை எழுதினார்.